மலைக்குப் பின்னால் காற்று மட்டும்

1994 ஒக்டோபர் 1, சனி

இன்று மூன்றாவது தடவையாக றேடியோவில் செபமாலை சொன்னேன். பாதர் க்ளெமன்ஸின் றேடியோ ஸ்டேசன் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். கோயில் கோபுரத்துக்குக் கீழே, முன்பு மெழுகுதிரிப் பெட்டிகள் அடுக்கிய அறை. சுவர் முழுக்க முட்டை மட்டை ஒட்டியிருக்கிறது. ஒரு மேசை, இரண்டு மைக், ஒரு சிலுவை. ஏரியல் கோபுர உச்சியில், தகரச் சேவலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கிழமை முழுக்க ஜெர்மன்காரருக்கு. சனி பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் தமிழர் எங்களுக்கு. செபமாலை, பிறகு யார் யாருக்குச் சுகமில்லை என்ற அறிவித்தல், கடைசியில் நான் ஏதாவது கதை அளப்பேன்.

ஒவ்வொரு செபத்திலும் முதற்பாதி நான் சொல்ல, மறுபாதி றொனால்ட் சொல்வான். அவன் ரிவி திருத்துகிற கடையில் வேலை செய்கிறவன். இங்கே சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் அவன்தான்.

"லூர்தம்மாக்கா, தள்ளி இருங்கோ. நீங்கள் கத்துறதுக்கு மைக்கே தேவையில்லை."

"தேவையில்லாட்டி அதை வித்துப்போட்டு உனக்கொரு பொம்பிளை பார்ப்பம்."

ஆள் சிவந்துபோய் ஏதோ ஒரு குமிழைத் திருகினான். ஊரில் பேசாலைக் கரையில் நின்று, கடலில் நிற்கிற வள்ளத்துக்குக் கேட்கக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை இது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு மாதா தந்த சீதனம்.

பாதர் ஏரியலை மலை உச்சியில் இருக்கிற தண்ணீர்த் தாங்கிக்கு மாற்றப் போகிறாராம். கோபுரத்தில் நின்றால் மலைக்கு அந்தப் பக்கம் போகாது என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. அந்தப் பக்கம் ஹோல்பாஹில்தான் என் தம்பி அன்ரன் இருக்கிறான், அகதிகளைத் தங்கவைக்கிற ஹைமில். அவனுக்குக் கேட்கிறதாமே.

ஒக்டோபர் 2, ஞாயிறு

அன்ரனுக்குப் போன் எடுத்தேன். ஹைம் நடையில் இருக்கிற, காசு போடுகிற போன். யாராவது எடுத்து, கத்தி, அவனைக் கூப்பிட்டுவிட வேண்டும்.

"கேட்டனீயே?"

"ஓம்."

"எப்படி?"

"நல்லாயிருந்தது அக்கா. வைக்கிறன்."

இவ்வளவுதான் இப்போது அவன் கதை. வழக்கு இரண்டு வருடமாக இழுபடுகிறது. வேலை செய்ய விடமாட்டார்கள். ஹோல்பாஹ் வேறு மாவட்டம் என்பதால், வெளிநாட்டவர் கந்தோரில் கடிதம் வாங்காமல் எங்கள் ஊர்ப் பூசைக்கும் வர ஏலாது. நான் மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். இருபத்தெட்டு வயது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. வள்ளத்தில் பாடினால் கரையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும் — அவனுக்கும் இதே தொண்டைதான். அதை எங்கே வைத்துப் பூட்டினானோ.

ஒக்டோபர் 9, ஞாயிறு

தமிழ்ப் பூசை. மாதத்தில் ஒரு ஞாயிறு, மலையின் இரண்டு பக்கத்துச் சனமும் வரும். முடிந்ததும் பாதர் க்ளெமன்ஸ் மஞ்சள் அட்டைகள் கொடுத்தார். ஹைமில் இருக்கிறவர்களுக்குத் தபாலில் அனுப்பினாராம். றேடியோ எப்படிக் கேட்கிறது? மிக நன்று, நன்று, குறைவு, ஒன்றுமில்லை — நான்கு கட்டம். கீழே பெயர், விலாசம், கையெழுத்து. இதை வைத்துத்தான் ஒலிபரப்புக் கந்தோர் ஏரியலை மாற்ற விடுமாம்.

நான் முதற்கட்டத்தில் புள்ளடி போட்டேன். எங்கள் குசினியில் நன்றாகத்தான் கேட்கிறது. என் மனுசன் பேனாட் சொன்னது: "எனக்கும் நல்லாக் கேக்குது. அதுதான் பிரச்சினை." சனி ஆறு மணிக்கு அவருக்கு ரிவியில் உதைபந்தாட்டம். நான் ஸ்டேசனுக்குப் போக முதல் றேடியோவை உச்சத்தில் வைத்துவிட்டுத்தான் போவேன். திரும்பி வந்து என்ன கதை சொன்னேன் என்று கேட்பேன். சொல்லாவிட்டால் சோறில்லை.

ஒக்டோபர் 22, சனி

இன்று அன்ரனைச் சீண்டிப் பார்த்தேன். கடைசிக் கதையாக, அவன் ஏழு வயதில் திருநாளுக்குச் சம்மனசு, அதாவது தேவதூதன், வேஷம் போட்டதைச் சொன்னேன். சுற்றுப்பிரகாரம் நடுவில் வலப்பக்க இறக்கை கழன்று விழுந்தது. ஆள் மற்ற இறக்கையோடு அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டான். இந்தக் கதையை யார் எடுத்தாலும் அவனுக்குக் கொதி வரும். ஒருமுறை மாமா கலியாண வீட்டில் சொல்லப்போய், அவன் சாப்பிடாமல் எழும்பிப் போனவன்.

நாளைக்குப் போனில் நல்ல ஏச்சு விழும். விழட்டும். ஏசினாலாவது நாலு வசனம் கதைப்பான்.

ஒக்டோபர் 23, ஞாயிறு

"நல்லாயிருந்தது அக்கா" என்றான்.

ஒக்டோபர் 30, ஞாயிறு

ஹோல்பாஹ் போய் வந்தேன். நான் வாங்கிக் கொடுத்த றேடியோ யன்னலில் இருந்தது. போட்டேன். இரைச்சல். அங்கே இங்கே திருகினேன். இரைச்சல்தான்.

அவனோடு அறையில் இருக்கிற ஜோன்சன் சொன்னான்: "அக்கா, சனிக்கிழமை ஆறு மணிக்கு இவர் இதைத்தான் போட்டுட்டுப் படுத்திருக்கிறவர். ஒரு மணித்தியாலம். மூடு எண்டு சொன்னாலும் விடமாட்டார்."

"ஏன்ரா எனக்குப் பொய் சொன்னனீ?" என்று கேட்டேன்.

சுவரைப் பார்த்தபடி, "நீ வேலையால வந்து களைச்சுப்போய்ச் செய்யிறாய்" என்றான்.

மஞ்சள் அட்டையில் என்ன போட்டாய் என்றேன். முதற்கட்டமாம். மிக நன்றாம்.

பஸ்ஸில் வரும்போது எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. இரைச்சலை வைத்துக்கொண்டு என்னத்தைக் கேட்டான்? நான் இந்தப் பக்கம் இருந்து கத்திக்கொண்டிருக்கிறன் எண்டதையா?

நவம்பர் 5, சனி

பாதரிடம் சொன்னேன், ஒரு அட்டை பிழை என்று. சிரித்தார். ஒரு அட்டையால் என்ன வந்துவிடும் என்றார்.

டிசம்பர் 10, சனி

பாதருக்கு அப்லேனுங் வந்துவிட்டது!

கடிதத்தை ஸ்டேசனுக்குக் கொண்டுவந்து காட்டினார். றொனால்ட் வாசித்துச் சொன்னான். மலைக்கு அந்தப் பக்கம் நான்கு ஜெர்மன்காரர் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் சனம் முப்பத்தெட்டுப் பேர், ஒருவர் தப்பாமல், "மிக நன்று". அந்தப் பக்கத்துச் செல்வரட்ணம் அண்ணை கட்டத்துக்கு வெளியே "வுண்டர்பார்" (அற்புதமாம்) என்றும் எழுதி, கீழே கோடு வேறு இழுத்திருக்கிறார். ஆகவே ஏரியலை மாற்ற வேண்டிய தேவை இல்லை என்று கந்தோர் நிராகரித்துவிட்டது. ஒரு அட்டை பிழையென்று நான் சொன்னேன். முழு மூட்டையும் பிழை.

பாதர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். மனுசனுக்கு இதுதான் முதல் அப்லேனுங், நிராகரிப்பு. அகதி வழக்குப் போட்ட எங்களுக்கென்றால் இது தடிமன் காய்ச்சல் மாதிரி, வராத வீடில்லை. றொனால்ட் முதுகில் தட்டாத குறையாக ஆறுதல் சொன்னான். ஒரு மாதத்துக்குள் விடர்ஸ்புருக் போட வேண்டும், அதாவது எதிர்த்து எழுத வேண்டும். இப்போது ஒரு வரி போதும், காரணத்தைப் பிறகு அனுப்பலாம்.

"எங்கட புஷ்பராணிக்கு மூண்டு அப்லேனுங் வந்தது எண்டு சொல்லு" என்றேன். "இப்ப அவவைப் பாக்கச் சொல்லு, எப்படிக் கொழுத்துப்போய் இருக்கிறா."

அதையும் மொழிபெயர்த்தான், மடையன். பாதர் சிரித்தார்.

டிசம்பர் 11, ஞாயிறு

பூசை முடியச் செல்வரட்ணம் அண்ணையைத் தேத்தண்ணி மேசையில் மறித்தேன். அவர் ஹோல்பாஹில் ஆணித் தொழிற்சாலையில் வேலை. சைவக்காரர். ஆனால் தமிழ்ப் பூசையில் முன்வரிசையை யாருக்கும் விடமாட்டார். மலைக்கு அந்தப் பக்கம் அவர் சொன்னால் சனம் கேட்கும்.

"அண்ணை, உங்கட வீட்டில உண்மையா றேடியோ கேக்குதோ?"

"கேக்காமல்?"

"நான் நேற்றைக்கு என்ன கதை சொன்னனான்?"

"நல்ல கதை."

"எத்தினை மணிக்கு?"

அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "இஞ்ச பார் பிள்ளை. அந்தப் பாதர் சும்மா செய்யிறார். சும்மா செய்யிற மனுசனிட்டைக் குறை சொல்லலாமே? அது ஒண்டு. மற்றது, பேர் எழுதி, விலாசம் எழுதி, கையெழுத்தும் வைச்சு, கந்தோருக்குப் போற கடுதாசியில 'சரியில்லை' எண்டு எழுதச் சொல்லுறாய். நாளைக்கு விசா புதுப்பிக்கப் போகேக்குள்ள, எங்கட நாட்டில உனக்கு என்ன சரியில்லை எண்டு கேட்டா நீ வந்து பதில் சொல்லுவியோ? நான்தான் எல்லாருக்கும் சொன்னனான், முதற்கட்டத்தில போடுங்கோ எண்டு. பாதுகாப்பு."

"அப்ப கேக்கேல்லை."

"கேக்குது எண்டு எழுதியாச்சு. இனிக் கேக்குது."

அவர் கெட்டவரில்லை. எல்லாரும் கந்தோர்க் கடிதம் வந்திருக்குமோ என்று கடிதப்பெட்டி திறக்கப் பயந்த சனம்தானே. நானும் விசா கிடைக்கும்வரை பஸ்ஸில் இடித்தவனிடம்கூட நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

1995 ஜனவரி 5, வியாழன்

பாதர் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டார். காரணம் அனுப்ப மார்ச்வரை தவணை. காரணத்துக்கு எங்கே போவது? இன்னும் இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். "கேக்குது அக்கா, நல்லாக் கேக்குது." கேட்கவில்லை என்று வாயால் சொல்லமாட்டார்கள். வாயைத் திறக்க வைக்க வேறு வழி பார்க்க வேண்டும்.

ஜனவரி 14, சனி

வழி பிடித்துவிட்டேன். வுப்பர்டால் தமிழ்க் கடையில் கூழ் காய்ச்ச ஒடியல் மா, காய்ந்த பனங்கிழங்கு இடித்த மா, வந்திருக்கிறது. ஐந்து பைக்கற் சொல்லி வைத்தேன். பேனாட்டுக்கு விசயத்தைச் சொன்னேன். "உனக்குப் பைத்தியம். நண்டு ஆர் வாங்குறது?" என்றார். நீங்கள்தான் என்றேன்.

ஜனவரி 21, சனி

செபமாலை முடிய மைக்கில் சொன்னேன்: "நாளைக்குப் பூசைக்கு வாறாக்கள் மூடியுள்ள சட்டி ஒண்டு கொண்டு வாங்கோ. நண்டு, இறால், பயத்தங்காய் எல்லாம் போட்ட ஒடியல் கூழ். சட்டி கொண்டு வாறவைக்கு வீட்டை கொண்டுபோகக் கட்டித் தருவன். ஆனால் இந்த றேடியோவில கேட்டாக்களுக்கு மட்டும். கேளாதவைக்குப் போன் எடுத்துச் சொல்லாதேங்கோ. சொன்னா உங்கட பங்குதான் குறையும்."

கடைசி வசனம் போதும். நம்ம சனத்தை எனக்குத் தெரியாதா? கூழென்றால் கூடப் பிறந்தவருக்கும் சொல்லமாட்டார்கள்.

ஜனவரி 22, ஞாயிறு

எழுதச் சிரிப்பு அடங்கவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துச் சனம் சட்டியோடு வந்தது. சட்டியா அது? புஷ்பராணி சோறு வடிக்கிற பெரிய பானையைக் குழந்தை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பூசை முழுக்க வாங்குக்குக் கீழே மூடிகள் டங் டங் என்றன. ஹோல்பாஹ் சனம் பஸ்ஸால் இறங்கி வெறுங்கையோடு வந்து, இதென்ன கோலம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பூசை முடிய மண்டபத்தில் கூழின் மணம் எழும்பியது. சட்டி உள்ளவர்கள் இந்தப் பக்கம், இல்லாதவர்கள் அந்தப் பக்கம் என்றேன். நடுவில் மலையை வைத்ததுபோல இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். றொனால்ட் கதிரையில் ஏறிப் படம் எடுத்தான். பாதர் ஊர் வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வொருவராக வீடு எங்கே என்று கேட்டு, சட்டிக்காரருக்குப் பச்சைப் புள்ளியும் வெறுங்கைக்குச் சிவப்புப் புள்ளியும் வைத்தார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சையும் இல்லை.

"அண்ணை, எங்க சட்டி?" என்று செல்வரட்ணம் அண்ணையைக் கேட்டேன்.

"அவசரத்தில மறந்திட்டன்."

"கேட்டனீங்கள்தானே?"

"கேட்டன், கேட்டன்."

"அப்ப நேற்றைக்கு றேடியோவில உங்களைப்பற்றிச் சொன்னதுக்கு என்னோட கோவமில்லையே?"

"சீச்சீ. நல்லதைத்தானே சொன்னனீ."

நான் அவரைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சட்டிப் பக்கம் முழுக்க வெடித்துச் சிரித்தது. புஷ்பராணி பானை மூடியால் முகத்தை மறைத்தாள். அண்ணையின் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. சிரிப்பும் நின்றுவிட்டது. பகிடி விடாமல் சொன்னேன்:

"என்ர தம்பி ஒவ்வொரு சனிக்கிழமையும் வெறும் இரைச்சலைப் போட்டுட்டுப் படுத்திருக்கிறான். அவனுக்கு இஞ்ச வர ஏலாது. அவன்ர கட்டிலுக்குப் போற வழி எனக்கு அந்த ஏரியல் மட்டும்தான். நீங்கள் பயப்பிடுறது எனக்கு விளங்குது அண்ணை. ஆனா நாங்கள் எல்லாரும் நல்லம் நல்லம் எண்டு எழுத எழுத, அவனுக்கு ஒண்டும் கேக்காமலே போகுது."

கூழ் மட்டும் கொதித்தது.

செல்வரட்ணம் அண்ணை சட்டைப் பையைத் தடவினார். "பேனை ஒண்டு தா பிள்ளை" என்றார். புது அட்டையில் நாலாம் கட்டத்தில் புள்ளடி போட்டு, கையெழுத்தை வழக்கம்போலப் பெரிதாக இழுத்து வைத்தார். பிறகு ஹோல்பாஹ் வரிசை முழுக்க எழுதியது.

முடிந்ததும் குரலைக் குறைத்துக் கேட்டார்: "கூழ் மிச்சமிருக்கோ?"

என் சட்டியையே கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 29, ஞாயிறு

ஹைமுக்கு அட்டைகள் கொண்டுபோனேன். ஜோன்சனும் மற்றவர்களும் எழுதினார்கள். அன்ரன் வாங்கி மேசையில் வைத்தான். எழுதவில்லை. நான் வற்புறுத்தவில்லை. வழக்கு நடக்கிற பிள்ளை. இவனுடைய பயத்தோடு பார்த்தால் மற்றவர்களுடையது ஒன்றுமில்லை. புதிதாகக் காய்ச்சிக் கொண்டுபோன கூழையும் இரண்டு வாய்தான் குடித்தான்.

பெப்ரவரி 4, சனி

ஸ்டேசனுக்குப் போனதும் பாதர் ஒரு அட்டையை நீட்டினார். தபாலில் வந்ததாம். புள்ளடி எந்தக் கட்டத்திலும் இல்லை. கீழே பென்சிலால் ஜெர்மனில் ஒரு வரி. றொனால்ட் வாசித்தான்: "காற்று மட்டும் கேட்கிறது." அதற்குக் கீழே அன்ரனின் முழுப் பெயர், ஹைம் விலாசம், வழக்கு இலக்கம். வழக்கு இலக்கத்தை யாரும் கேட்கவில்லையே!

நாலு இடத்தில் செபமாலை தடக்கியது இன்று.

மார்ச் 18, சனி

காரணம், புள்ளி வைத்த படம், அட்டைகள், சட்டிப் படம் எல்லாம் கந்தோரில். பதில் இல்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய கிழமை. முதியோர் இல்லத்தில் துணி தோய்த்துக்கொண்டிருந்தேன். பாதர் சைக்கிளில் வந்து, சலவை அறை யன்னலில் தட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நான் ஈரக் கையோடு அதையே திரும்பச் செய்தேன். ஏரியலை மாற்றலாம்! பின்னேரம் றொனால்ட் கடிதத்தை வாசித்தான், மூடியுள்ள பாத்திரங்களைப் பற்றி அதிலும் ஒரு வசனம் வந்திருக்கிறதாம். என்ன வசனம் என்றேன். மொழிபெயர்க்க ஏலாது என்றுவிட்டான்.

மே 13, சனி

ஏரியல் கோபுரத்தால் இறங்கிவிட்டது. தண்ணீர்த் தாங்கியில் ஏற்றுகிறார்கள். இந்தக் கிழமை ஒலிபரப்பு இல்லை. சேவல் தனியாக நிற்கிறது.

பெரிய செய்தி: மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் தெருவுக்கு இனிக் குறைவாகத்தான் வருமாம். தண்ணீர்த் தாங்கி எங்களைப் பார்க்காதாம். பேனாட் றொனால்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கி, "ராசா, உனக்கு நல்ல பொம்பிளை கிடைக்கும்" என்றார்.

மே 20, சனி

ஏரியல் புது இடத்துக்குப் போனபிறகு முதல் செபமாலை. கை வியர்த்து மணிகள் வழுக்கின. முடிய, வேண்டுமென்றே சம்மனசுக் கதையை இன்னொருமுறை சொன்னேன். வலப்பக்க இறக்கை, அழுகை, ஓட்டம், ஒன்றையும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு சப்பாத்துத்தான் கழற்றினேன், போன் அடித்தது. அவன் எடுத்த போன். அவனாக எடுத்து எவ்வளவு காலம்!

"அக்கா."

"என்னடா?"

"மூண்டாம் தேவரகசியத்தில பத்துக்கு ஒன்பதுதான் சொன்னனீ. ஒரு மங்கள வார்த்தையை விழுங்கிப்போட்டாய்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"மற்றது, கழண்டது வலப்பக்க இறக்கை இல்லை. இடப்பக்கம். தெரியாட்டிச் சொல்லாத."

வைத்துவிட்டான். நான் ஒற்றைச் சப்பாத்தோடு நடையில் நின்றேன். பேனாட் வந்து பார்த்துவிட்டு, ஆர் செத்தது என்று கேட்டார்.

மே 27, சனி

இன்று பத்துப் பத்தாகச் சரியாகச் சொன்னேன். போன் வரவில்லை.

ஜூன் 3, சனி

போன் வரவில்லை.

ஜூன் 17, சனி

இன்று மூன்றாம் தேவரகசியத்தில் ஒன்பதோடு நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன். றொனால்ட் கண்ணாடிக்கு மேலால் பார்த்து ஒரு விரலைத் தூக்கினான். நானும் ஒரு விரலைத் தூக்கினேன், வாயில் வைத்து.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அடித்தது.

"திரும்பவும் ஒன்பது" என்றான். "அங்க ஒருத்தரும் எண்ணுறேல்லையா? மூண்டாம் வகுப்பில உனக்கு எண்ணவும் படிப்பிக்கேல்லையா?"

ஏழெட்டு வசனம் ஏசினான். இரைச்சல் இல்லாமல் கேட்டேன்.

"இப்ப என்ன செய்யிறது? ஒலிபரப்பு முடிஞ்சுதே" என்றேன்.

பின்னால் ஹைம் நடையில் யாரோ சட்டி கழுவுகிற சத்தம். "விட்ட ஒண்டை இப்பச் சொல்லு" என்றான்.

போனில் முதற்பாதி நான் சொன்னேன். மறுபாதி அவன் எடுத்தான், முதலில் மெல்ல, பிறகு கரைக்குக் கேட்கிற அந்தப் பழைய தொண்டையில். சட்டி கழுவின சத்தம் நின்றுவிட்டது. ஆமென் சொல்ல முதல் அவனுடைய காசு முடிந்து லைன் அறுந்தது.

போனை வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். திரும்பவும் அடித்தது.

"ஆமென்" என்றான். வைத்துவிட்டான்.